திருச்சபைகளை எண்ணும் அலகு

உலகில் கிறித்தவத் திருச்சபைப் பிரிவுகள் எத்தனை என்று கேட்போர்க்கு இன்று பெரும்பாலும் கிடைக்கும் விடை, ஏறத்தாழ 45,000 என்பதாகும். 2001-இல் வெளிவந்த உலகக் கிறித்தவக் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு 33,000-க்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கணக்கிட்டிருந்தது. ஒரு சமயம் சிதறிப்போனதற்குச் சான்றாக இவ்வெண்களைப் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். எந்த அலகைக் கொண்டு எண்ணினார்கள் என்று கேட்பவர் அரியர்.

அக்கலைக்களஞ்சியத்தை உருவாக்கிய டேவிட் பாரெட்டின் வரையறை இது: ஒரே மரபைச் சேர்ந்த வழிபாட்டுக் குழுக்கள், ஒரு நாட்டின் எல்லைக்குள், ஓர் அமைப்பாக இணைந்திருப்பின் அது ஒரு பிரிவு. நாட்டின் எல்லை என்னும் கட்டுப்பாடே இங்குக் கணக்கை நிருணயிக்கிறது. ஒரே திருத்தந்தையின் கீழ் இயங்கும் கத்தோலிக்கத் திருச்சபை அந்தப் பதிப்பில் 242 பிரிவுகளாக எண்ணப்பட்டது இதனாலேயே.

இவ்வரையறையைச் சோதித்துப் பார்க்க ஜொகூர் நீரிணையை விடச் சிறந்த இடம் அரிது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானது. அதனால் மெதடிஸ்டுகளின் கோட்பாடு மாறிவிடவில்லை. 1976 வரை இரு கரையிலும் அவர்கள் ஒரே திருச்சபையாகவே இருந்தனர். நாட்டெல்லையை அலகாகக் கொண்டால் 1965-இலேயே அவர்கள் இரு பிரிவினர். ஆட்சியமைப்பை அலகாகக் கொண்டால் 1976-இல்தான் இருவராயினர். நம்பிக்கையை அலகாகக் கொண்டாலோ இன்றும் ஒருவரே. கத்தோலிக்கரிடத்தும் இதுவே நிகழ்ந்தது. 1972-இல் சிங்கப்பூர் தனி உயர்மறைமாவட்டமாயிற்று. ஜொகூர் மலாக்காவோடு சேர்ந்து மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டமாயிற்று. அதைப் பிளவு என்று எந்தக் கத்தோலிக்கரும் சொல்லமாட்டார்.

நாட்டெல்லையை ஒதுக்கி வைத்தாலும் சிக்கல் தீராது. மொழி குறுக்கே வந்து நிற்கும். தமிழர்க்கு நெருக்கமான சான்று லுத்தரன் திருச்சபை. 1706-இல் லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால்வைத்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் வேரூன்றிய அம்மரபு, வேலை தேடிக் கடல் கடந்த தமிழரோடு மலாயாவுக்கு வந்தது. அவர்கள் வழிவந்ததே மலேசிய நற்செய்தி லுத்தரன் திருச்சபை. 1950-களில் சீனர்கள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமங்களில் அமெரிக்க லுத்தரன் ஊழியர் தொண்டாற்ற, அதன் பயனாக மலேசிய லுத்தரன் திருச்சபை என்னும் வேறோர் அமைப்பு உருவாயிற்று. சபா மாநிலத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் ஊழியச் சங்கத்தின் வழி ஹக்கா சீனர்க்கு ஒன்றும், ருங்குஸ் மக்களுக்கு மற்றொன்றும் அமைந்தன. ஆக ஒரே நாட்டில் நான்கு லுத்தரன் திருச்சபைகள். நான்கும் 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கையை ஏற்பவை. நான்கும் உலக லுத்தரன் கூட்டமைப்பின் உறுப்பினர். கோட்பாட்டுச் சண்டையால் இவை பிரியவில்லை. மக்களும் நற்செய்தி வந்த வழிகளும் வேறு, அவ்வளவே.

மெதடிஸ்டுகளும் மொழிவாரியாகவே அமைந்தவர்கள். தமிழர்க்கு ஓர் ஆண்டுப் பேரவை, தீபகற்பச் சீனர்க்கு ஒன்று, ஆங்கிலம் பேசுவோர்க்கு ஒன்று, சரவாக்கின் ஈபான் மக்களுக்கு ஒன்று என ஒவ்வொன்றும் தனக்கெனத் தலைவரைக் கொண்டது. எனினும் அனைவர்க்கும் ஒரே பேராயர். ஆதலால் கணக்கில் ஒன்று. ஜொகூரின் மூவாரிலோ குளுவாங்கிலோ தமிழில் பாடி, தமிழில் மறையுரை கேட்டு வீடு திரும்பும் இரு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். மெதடிஸ்டுக் குடும்பமும் லுத்தரன் குடும்பமும் தத்தம் மரபைச் சேர்ந்த சீனரிடமிருந்து ஒரே அளவுதான் விலகி நிற்கின்றன. ஆனால் முதல் விலகல் கணக்கில் தோன்றாது. இரண்டாவது ஒரு பிரிவைக் கூட்டும். ஒரே நிகழ்வை இருவேறு எண்ணாகக் காட்டும் அளவுகோலை அறிவியல் அப்படியே ஏற்கலாகாது.

உயிரியலார் இத்தகைய இடர்ப்பாட்டை முன்பே கண்டவர்கள். எங்கே ஓர் உயிரினம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்னும் வினாவுக்கு, எர்ன்ஸ்ட் மாயர் 1942-இல் தோற்றத்தை விடுத்து உறவை அலகாகக் கொண்டார்: தம்முள் இனம் பெருக்கக்கூடியவை ஓரினம். திருச்சபைக்கும் உறவையே அலகாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு. ஒருவர் தந்த திருமுழுக்கை மற்றவர் ஏற்கிறாரா? ஒருவர் பீடத்தில் மற்றவர் நற்கருணை பெறலாமா? ஒருவரின் போதகர் மற்றவரின் பிரசங்க மேடையில் ஏறலாமா? இவற்றைக் கேட்டால் நான்கு லுத்தரன் திருச்சபைகளும் ஒரே குடும்பமாகத் திரளும். கத்தோலிக்கரும் லுத்தரன்களுமோ திருமுழுக்கில் ஒன்றுபட்டு நற்கருணையில் பிரிவர். இங்கு விடை ஒன்று, இரண்டு என்று வாராது. உறவின் படிநிலையாகவே வரும். அந்தப் படிநிலையே உண்மைக்கு நெருக்கமானது.

இணைப்பும் கணக்கை மாற்றும். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். அதே மரபுகளில் முதல் மூன்றும் ஜொகூரில் இன்றும் தனித்தனியே நிற்கின்றன. கோட்பாட்டளவில் ஒன்றாகக் கூடும் என்று ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்டவை, வேறோரிடத்தில் தனியே எண்ணப்படுகின்றன.

எந்த அலகுக்கும் எளிதில் அடங்காதவை தன்னாட்சிச் சபைகள். 2001 கணக்கில் அவை ஏறத்தாழ 22,000. மொத்தத்தில் மூன்றில் இரு பங்கு. உலகெங்கும் பெருகுபவை இவையே. பேராயரோ பேரவையோ இல்லாத ஒரு பெந்தெகொஸ்தே சபை, கடைவீட்டின் மாடியில் கூடும் ஐம்பது பேராக இருக்கலாம்; பல ஊர்களில் கிளை பரப்பியதாகவும் இருக்கலாம். இருபது இலட்சம் பேரைக் கொண்ட திருச்சபைக்கும் அந்த மாடிச் சபைக்கும் பட்டியலில் ஒரே மதிப்பு. ஆகவே பிரிவுகளின் எண்ணிக்கையை வெளியிடுவோர், ஒவ்வொன்றிலும் உள்ள மக்கள்தொகையையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

மலேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு உதவாது. 2020 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 9.1 விழுக்காட்டினர் கிறித்தவர். அவர்கள் அனைவரும் அந்த அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் அடங்குகின்றனர். ஜொகூரின் தமிழ் லுத்தரன்கள் எத்தனை பேர், தமிழ்க் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று அறிய விரும்புவோர், ஒவ்வொரு திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேட்டையும் உறுப்பினர் பட்டியலையும் தேடிச் சென்று, இடம் மாறியவரையும் இருமுறை பதிந்தவரையும் கழித்து, பெயர் பெயராகக் கூட்டியாக வேண்டும்.