அப்பாயி கைக்குள் பாடிய இயர்பட்... காதில் இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

போன மாதம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருமானூர் வீட்டுத் திண்ணையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பாயி ஏதோ கேட்டார். ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றினேன். பாட்டு தானாக நின்றது.

போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயிக்கு ஆச்சர்யம். "நான் பேசுறது அதுக்கு எப்புடி ஆத்தா தெரியுது?"

பேசுவது தெரியாது, காதிலிருந்து எடுத்தது தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டார். மூடிய கைக்குள்ளிருந்து சன்னமாகப் பாட்டு! அப்பாயிக்குக் காது கொஞ்சம் மந்தம். "பாடுது அப்பாயி" என்று நான்தான் சொன்னேன்.

"எங் கையையும் காதுன்னு நெனச்சுக்கிச்சா?"

அடுத்து சுருக்குப்பை. வெற்றிலை பாக்குக்கு நடுவிலும் அது பாடியது.

கேள்வி நியாயமானது என்பதால் தேடிப் படித்தேன். என்னுடையதுபோல மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இயர்பட்களில் பெரும்பாலும் இருப்பது எளிமையான ஒளி சென்சார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வெளியே விடும். எதிரில் ஏதாவது இருந்தால் ஒளி பட்டுத் திரும்பும். திரும்பும் ஒளி கூடினால் 'காதுக்குள் போய்விட்டோம்' என்று முடிவுகட்டிவிடும். அது காதா, கையா, வெற்றிலையா என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது. சிலவற்றில் போனின் தொடுதிரைபோல, தொடுவதை உணரும் சென்சார் இருக்கும். ஆப்பிள் 2016-ல் வெளியிட்ட முதல் ஏர்பாட்ஸிலும் ஒளி சென்சார்கள்தான். கூடவே அசைவை உணரும் சென்சாரும் இருந்தது.

2021-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஏர்பாட்ஸில்தான் ஒரு மாற்றம். மனிதத் தோலில் தண்ணீர் அதிகம். சில அலைநீள ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். துணி அப்படிச் செய்யாது. அந்த வித்தியாசத்தை வைத்து, படுவது தோலா, சட்டைப் பையா என்று அது பிரித்துப் பார்க்கிறது. அப்பாயியின் சுருக்குப்பை இதனிடம் மாட்டிக்கொள்ளும். உள்ளங்கை? அதுவும் தோல்தானே!

இப்போது அடுத்த கட்டமாக நாடித்துடிப்பு வந்திருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதே தத்துவம். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும். திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் சீராக வந்தால், எதிரில் இருப்பது உயிருள்ள உடம்பு. ஆப்பிள் 2025-ல் வெளியிட்ட ஏர்பாட்ஸ் ப்ரோ 3, இதயத்துடிப்பை அளக்க நொடிக்கு 256 முறை அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அனுப்புகிறது.

காதில் கருவி மாட்டி ரத்தத்தைப் படிப்பது புதிதல்ல என்பதுதான் எனக்கு வியப்பு. 1940-களிலேயே விமானிகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறதா என்று பார்க்க, காதுமடலில் மாட்டும் கருவியை கிளென் மில்லிகன் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கினார். 'ஆக்ஸிமீட்டர்' என்ற பெயரும் அவர் வைத்ததே. மணிக்கட்டைப்போல காது ஓயாமல் ஆடுவதில்லை என்பதும் அளப்பதற்கு வசதி.

நாடியை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். டாய்லெட் பேப்பர் சுருளுக்கே இதயத்துடிப்பு காட்டிய ஃபிட்னெஸ் பேண்டுகளின் வீடியோக்கள் ஒரு காலத்தில் வைரலாயின. உள்ளங்கையிலும் நாடி உண்டு. அதனால் ஒளி, தோல், துடிப்பு, அசைவு எல்லாவற்றையும் சேர்த்துச் சாட்சியாக வைத்துக்கொண்டால்தான் தீர்ப்பு சரியாக வரும். இன்னொன்று, காதில் இருக்கிறதா என்று பார்க்கும் சிக்னலே உங்கள் நாடியையும் சொல்லிவிடும். ஆப் கேட்கும் அனுமதியை, படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பாட்டு நிற்பதற்கும் ஓடுவதற்கும் ஏன் இத்தனை மெனக்கெடல்? பேட்டரி மிச்சமாகும் என்பது சின்ன காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்று சில போன்கள் கணக்கு வைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான்! குழந்தைகளுக்கு வரம்பு 75 டெசிபல், 40 மணி நேரம். பையில் கிடந்து பாடிய நேரமும் சேர்ந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கணக்கு பொய் என்று தெரிந்தால் எச்சரிக்கை வரும்போது யார் மதிப்பார்கள்? நானே இரண்டு முறை அதைத் தள்ளிவிட்டிருக்கிறேன். தஞ்சாவூர் பஸ்ஸில், இரைச்சலை மிஞ்ச சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்ட நாள்கள் அவை.

உங்கள் இயர்பட் காதில் இருக்கும்போதே பாட்டை நிறுத்துகிறதா? முதலில் சென்சார் ஜன்னலைப் பாருங்கள். காது அழுக்கும் வியர்வையும் படிந்திருக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸில் 'இயர் டிடெக்‌ஷன்' என்ற வசதியை அணைத்துவிடலாம்.

நானும் துடைத்தேன். பிறகு அப்பாயியே கேட்டதால் அவர் காதில் மாட்டிவிட்டேன். போன் திரையில் பாட்டு ஓட ஆரம்பித்தது. நான் வழக்கமாகக் கேட்கும் சத்தம்தான்.

அப்பாயி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் பாடலயே ஆத்தா" என்றார்.