சுருள்பாசிக் குளிசை: உண்ணுமுன் அறியவேண்டியவை



கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களுக்குப் பாசி புதிய உணவன்று. நோன்பு துறக்கும் வேளையில் கடற்பாசி காய்ச்சி, ஆறவைத்து, துண்டமிட்டு உண்பது நம் இல்லங்களில் உள்ள வழக்கம். அது கடலில் வளரும் செம்பாசிகளிலிருந்து பெறப்படுவது. இக்காலத்தில் பச்சைநிறக் குளிசையாக விற்கப்படும் சுருள்பாசியோ முற்றிலும் வேறானது. ‘ஸ்பைருலினா’ எனப்படும் இது, காரத்தன்மையுள்ள நீரில் வளரும் நீலப்பச்சை நுண்ணுயிர். பாசி என வழங்கினும், விஞ்ஞானிகள் இதனைப் பற்றீரியா இனத்தோடே சேர்ப்பர்.

முன்னாளில் மெக்சிக்கோவின் அஸ்தெக்கு மக்கள் இதனை ஏரியிலிருந்து வாரி உண்டனர். ஆபிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இன்றும் உலர்த்தி உண்கின்றனர். உலர்ந்த சுருள்பாசியில் ஏறக்குறைய 60 வீதம் புரதம் உண்டு. ஆகவே இதனை நஞ்சென்று ஒதுக்குதல் நீதியன்று.

அவ்வாறாயின் அச்சம் எதற்கு? அது வளர்ந்த நீரே முதற் காரணம். காவலற்ற நீரில் வேறு நீலப்பச்சைப் பாசிகளும் கலந்து வளரக்கூடும். அவற்றுட் சில ‘மைக்ரோசிஸ்டின்’ என்னும் நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் அழியாது. 1996ஆம் ஆண்டில் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளரின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட நீரில் இந்நஞ்சு கலந்தமையால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குளிசை உண்டவர்களல்லர். எனினும் அந்நஞ்சின் வன்மையை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. மாசுற்ற நீரில் வளர்ந்த பாசியில் ஈயம், பாதரசம் முதலியனவும் சேரலாம்.

தூய சுருள்பாசியும் எல்லார்க்கும் ஒவ்வாது. சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, ஒவ்வாமை ஆகியன தோன்றும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோயுடையோர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர், பினைல்கீற்றோனூரியா என்னும் பிறவிக் குறைபாடுடையோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடலாகாது. சிறுவர்க்கும் இவ்விதியே பொருந்தும். விற்றமின் பி12 நிரம்பியது என்னும் விளம்பரத்தையும் நம்பவேண்டா. அதிலுள்ளதிற் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத வடிவினது.

இவற்றிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. குளிசை இருக்கிறதே என்றெண்ணி, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ வைத்தியசாலையில் தந்த மருந்தை நிறுத்துவதே அது. சுருள்பாசி உணவேயன்றி மருந்தன்று. வாங்க விரும்புவோர், தயாரித்தவர் யார், எங்கே வளர்ந்தது, நஞ்சும் உலோகமும் உளவா எனப் பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டறிக. விடை கிடைக்காவிடில் வாங்காது விடுக. உண்ணத் தொடங்கியபின் தோல் தடித்தாலும், கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கடுமஞ்சளாய் மாறினாலும், உடனே நிறுத்தி, அப்போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்க.