புல்லுக்குப் பாய்ந்த நீர்

மெல்பர்ன் நகரப் பூங்காக்களிலும் அகன்ற சாலைகளிலும் நிற்கும் எல்ம் மரங்களில் பலவும் நூறு வயதைத் தாண்டியவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த இனத்தை ‘டச்சு எல்ம் நோய்’ என்ற பூஞ்சைத் தொற்று வாரிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்திரேலியாவை அது எட்டவில்லை. முதிர்ந்த எல்ம் மரங்களை வரிசையாகப் பார்க்க உலகில் மிஞ்சியிருக்கும் சில ஊர்களில் மெல்பர்னும் ஒன்று.

நோய்க்குத் தப்பிய மரங்கள் தாகத்தில் மாட்டிக்கொண்டன. 1997இல் தொடங்கிய வறட்சி 2009 வரை நீண்டது. 2007இல் கடும் நீர்க் கட்டுப்பாடு வந்தபோது புல்தரைகளுக்குத் தண்ணீர் நின்றது. காய்ந்த புல் அடுத்த மழையில் துளிர்த்துவிடும். ஆனால் பல்லாண்டுகளாகப் புல்லுக்குத் தெளித்த நீரைத்தான் மரங்களும் குடித்து வளர்ந்திருந்தன. 2009 பிப்ரவரி 7 அன்று வெயில் 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நகரத்து மரங்களில் 39 விழுக்காட்டின் ஆயுள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும் என்று 2012இல் மாநகராட்சி கணக்கிட்டது. வயதோடு வறட்சியும் சேர்ந்து செய்த வேலை அது.

பெரிய மரம் ஆழத்திலிருந்து நீரை எடுத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நம்புகிறோம். ஆனால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, ஏறத்தாழ முதல் அறுபது சென்டிமீட்டருக்குள், கிளைவிரிவின் விளிம்பையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது மரத்துக்குள் இருக்கும் நீர்க்கம்பி மேல்நோக்கி இழுபடுகிறது. மண் வறண்டால் அந்தக் கம்பி அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும். அந்தக் குழாய் பிறகு நீர் ஏற்றாது. எல்மின் குழாய்கள் அகலமானவை என்பதால் ஆபத்தும் அதிகம். முதலில் உச்சிக் கிளைகள் காயும். தெம்பிழந்த மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் ஏறும்.

அடிமரத்தில் குழாயைத் திறந்துவிடுவதால் பயனில்லை. அங்கே உறிஞ்சும் வேர் குறைவு. பட்டை நனைந்தே கிடந்தால் அழுகலும் வரும். தினமும் தெளிப்பானைச் சுழலவிட்டால் மேல்மண் மட்டுமே நனையும், அது புல்லுக்குத்தான் போதும். கிளைவிரிவின் கீழும் அதன் விளிம்பிலும் சொட்டுக் குழாய் பதித்து, மெதுவாக, வேர்மண் முழுதும் ஊறும்வரை விட்டு, பிறகு சில நாள் ஆறவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் வேருக்குக் காற்று கிடைக்கிறது. ஓயாமல் நனைத்தால் மூச்சுமுட்டி வேரழுகல் வந்து அதே மரம் பட்டுப்போகும். நெடுநாள் காய்ந்த மண் நீரை உள்ளே விடாமல் வழிந்து ஓடவிடும் என்பதால் முதல் நனைப்புக்குப் பொறுமை வேண்டும். மேலே நாலு விரல் உயரம் மரச்சீவல் மூடாக்குப் போடலாம், அடிமரத்தைத் தொடாமல்.

தண்ணீர் குறையும்போது புல்லா மரமா என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, மரம்தான். மெல்பர்னும் அந்த வழிக்கு வந்தது. ஃபிட்ஸ்ராய் பூங்காவில் சாக்கடைக்கு ஓடிய மழைநீரைப் பிடித்து, சுத்திகரித்து, நிலத்தடித் தொட்டியில் தேக்கிப் பாய்ச்சுகிறார்கள். நீர் விட வேண்டிய காலமும் முக்கியம். இலை வாடிய பிறகு விடுவது தாமதம். கோடைக்கு முன்பே, வசந்தத்தில் துளிர்விடும்போது, மண்ணை நிரப்பிவிட வேண்டும். மண்துளைப்பானை ஒரு முழம் இறக்கி, வெளிவரும் மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்: உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் அன்றே நீர் விட வேண்டும்.