தைமின் இல்லாச் சாவு

பாக்டீரியாவுக்கு உணவை முழுவதுமாக நிறுத்தினாலும் அது சட்டென்று சாவதில்லை. நம் குடலில் வாழும் ஈ. கோலையை ஒரு குடுவையில் வளர்த்து, சத்து தீர்ந்த பிறகு எதுவும் சேர்க்காமல் விட்டுவைத்தால் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். பிறகு பெரும்பகுதி மடியும். மிஞ்சியவை, செத்தவற்றிலிருந்து கசியும் சத்தை உண்டு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். ஆனால் அதே பாக்டீரியாவின் ஒரு வகைக்குச் சர்க்கரை, உப்புகள், நைட்ரஜன் எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்து, தைமின் என்ற ஒரே பொருளை மட்டும் மறுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்துப்போகும்.

இதை 1954இல் அறிவித்தவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆய்வு செய்த சீமோர் கோஹன், ஹேசல் பார்னர் இருவரும். அவர்கள் எடுத்துக்கொண்ட ஈ. கோலை வகையால் தைமினைத் தானே தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. தைமின் இல்லாத கரைசலுக்கு அதை மாற்றினார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, தைமின் உள்ள தட்டில் பரப்பி, எத்தனை செல்கள் பெருகிக் கூட்டமாகின்றன என்று எண்ணினார்கள். முதலில் சிறிது நேரம் எண்ணிக்கை குறையவில்லை. அதன் பிறகு மளமளவென்று சரிந்தது. மீண்டும் தைமின் கிடைத்தும் அந்தச் செல்கள் எழவில்லை.

ஒரு செல் தைமினைப் பயன்படுத்துவது டி.என்.ஏ.வைக் கட்டத்தான். ஆகவே தைமின் தீர்ந்தால் டி.என்.ஏ. நகலெடுப்பு மட்டும் நிற்கிறது. ஆர்.என்.ஏ., புரதம், செல்சுவர் எல்லாம் வழக்கம்போல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. கம்பி வந்து சேராதது தெரியாமல் மேலே மேலே சுவர் எழுப்பப்படும் கட்டடத்தைப் போல, செல் நீண்டு பருக்கிறது. ஆனால் இரண்டாகப் பிரிய முடிவதில்லை. கோஹன் இதைச் சமச்சீரற்ற வளர்ச்சி என்றார்.

அமினோ அமிலம் தீர்ந்துபோனால் கதை வேறு. புரதம் கோக்கும் ரைபோசோம் கையிருப்பு இல்லாமல் தடுமாறும்போது, ரெல்-ஏ என்ற நொதி அதைக் கண்டுகொண்டு பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூற்றைத் தயாரிக்கிறது. மைக்கேல் கேஷலும் ஜொனதன் கேலன்ட்டும் 1969இல் கண்டறிந்த அபாய அறிவிப்பு இது. சில நிமிடங்களுக்குள் புதிய ரைபோசோம் உற்பத்தி நிற்கிறது, டி.என்.ஏ.வில் புதிய நகலெடுப்பு தொடங்குவதில்லை, சேமித்து வாழும் நிலைக்குச் செல் மாறுகிறது. எல்லாம் ஒருசேர நிற்பதால் உயிர் தப்புகிறது. தைமின் குறைந்தால் இந்த அறிவிப்பு எழுவதில்லை.

இவ்விரண்டையும் இணைத்த சோதனையைத்தான் இந்த வரலாற்றிலேயே அழகானதாக நான் கருதுகிறேன். கோபன்ஹேகனில் ஓலே மாலோவும் பிலிப் ஹானவால்ட்டும் பாக்டீரியாவுக்கு முதலில் அமினோ அமிலங்களை நிறுத்தினார்கள். ஏற்கெனவே தொடங்கிய டி.என்.ஏ. நகலை அது முடித்துக்கொண்டு ஓய்ந்தது. அந்த நிலையில் தைமினையும் பறித்தபோது கிட்டத்தட்ட எதுவும் சாகவில்லை! ஒன்றை மறுத்தால் சாவு. இரண்டை மறுத்தால் வாழ்வு. 1961இல் வெளியான இந்த முடிவு, ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது: பாதியில் நிற்கும் நகலெடுப்பில். தைமின் இல்லாதபோதும் புரதங்கள் உருவாவதால் டி.என்.ஏ.வின் தொடக்கப் புள்ளியில் புதுப்புது நகல்கள் துவங்குகின்றன, எதுவும் முன்னேற முடியாமல் அங்கேயே திணறுகின்றன, இழைகள் அறுபடுகின்றன. பழுதுபார்க்க வரும் நொதிகளே அந்தப் பகுதியை அரித்துவிடுவதும் உண்டு. இவற்றுள் எது இறுதி அடி என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் நடக்கிறது.

செல்சுவரிலும் இதே கதை நிகழ முடியும். ஈ. கோலையின் சுவரை இறுக்கிப் பிணைக்கும் டைஅமினோபிமெலிக் அமிலத்தைத் தயாரிக்க முடியாத வகைக்கு அதை மட்டும் நிறுத்தினால், உள்ளே வளர்ச்சி தொடர, சுவர் தாங்காமல் செல் வெடிக்கிறது. மரபுப் பொறியியலின் ஆபத்துகளை விவாதித்த 1975 அசிலோமார் மாநாட்டுக்குப் பிறகு, ராய் கர்டிஸ் இதைப் பாதுகாப்புப் பூட்டாக்கினார். அவர் உருவாக்கிய கை-1776 என்ற ஈ. கோலைக்கு இந்த அமிலமும் வேண்டும், தைமினும் வேண்டும். ஆய்வகத்தை விட்டுத் தப்பினால் அது பிழைக்காது.

மருந்துக்கடையில் கிடைக்கும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையிலும் இந்தச் சாவு ஒளிந்திருக்கிறது. அதிலுள்ள ட்ரைமெத்தோபிரிம், பாக்டீரியாவின் ஃபோலேட் சுழற்சியை அடைக்கிறது. தைமினுக்கு வழி அடைபடுகிறது; கூடவே சில அமினோ அமிலங்களுக்கும் பியூரின்களுக்கும். அமினோ அமிலமும் பியூரினும் நிறைந்து, தைமின் மட்டும் இல்லாத கரைசலில் இந்த மருந்து பாக்டீரியாவைக் கொல்கிறது. வெறும் சர்க்கரையும் உப்பும் உள்ள வறண்ட கரைசலிலோ வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி. பட்டினி கிடக்கும் பாக்டீரியாவுக்கு அந்தப் பட்டினியே கவசமாகிவிடுகிறது.

புற்றுநோய் மருத்துவமும் இதே பாதையில்தான் நுழைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டலில் லெடர்லே ஆய்வகம் தயாரித்த அமினோப்டெரின், ஃபோலேட் வகையான ஃபோலிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்து அதன் வேலையைக் கெடுப்பது. அதைக் கொண்டு ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் சிலருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததை 1948இல் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். சுப்பாராவ் அந்த ஆண்டே காலமானார். அமினோப்டெரினின் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. சுப்பாராவின் பெயர் இன்னும் பலருக்குத் தெரியாதது எனக்குத் தீராத வருத்தம்.

தைமினுக்கான வழியை அடைத்துப் பாக்டீரியாவைக் கொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. சீழில் செத்த செல்களின் டி.என்.ஏ. சிதைந்து, தைமின் அடங்கிய தைமிடின் மிதக்கிறது. பாக்டீரியா அதை எடுத்துக்கொண்டு மருந்தைத் தாண்டிவிடும். சீழ்க்கட்டியில் கோ-ட்ரைமாக்சசோல் தடுமாற இது ஒரு காரணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் இந்த மருந்தை நெடுநாள் சந்தித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், தைமிடின் தயாரிக்கும் திறனையே இழந்து, சளியில் கிடைப்பதை உண்டு வாழப் பழகிவிடுகிறது. ஆய்வகத் தட்டில் அது மிகச் சிறிய புள்ளிகளாகத்தான் வளரும், அல்லது வளரவே வளராது. தைமிடின் சேர்த்த தட்டில் வளர்த்துப் பார்க்காத ஆய்வகம், கிருமி இல்லை என்று தவறாக அறிக்கை கொடுத்துவிடக்கூடும்.