உங்களுக்குத் தெரியுமா? ஒப்பந்தத் தகராறில் பிறந்த இசைத்தட்டு

ராக் கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘பேண்ட் ஆஃப் ஜிப்சீஸ்’ முழுக்க முழுக்கக் கச்சேரிப் பதிவு. 1965-இல் அவர் போட்ட ஓர் ஒப்பந்தம் வழக்காகி, அதைத் தீர்க்க ஓர் ஆல்பம் தரவேண்டியிருந்தது. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரு நாள்களில் நான்கு கச்சேரிகள் நடந்தன. இரண்டாம் நாள் பதிவுகளிலிருந்து ஆறு பாடல்கள் தேர்வாகி, மார்ச்சில் கேபிடல் நிறுவனம் வெளியிட்டது.

பேஸ் கிதார் வாசித்த பில்லி காக்ஸ், ஹென்ட்ரிக்ஸின் ராணுவக்காலத் தோழர். டிரம்ஸ் வாசித்த பட்டி மைல்ஸ் இரண்டு பாடல்களை எழுதிப் பாடவும் செய்தார். ஆல்பத்தின் சோல் நிறம் பெரிதும் அவருடையது. ஃபங்க் தாளம் அடியில் அசையாமல் நிற்க, அதன்மேல் கிதார் ப்ளூஸில் அலைகிறது.

உச்சம், பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் நீளும் ‘மெஷின் கன்’. வியட்நாம் போரின் துப்பாக்கி வெடிப்பையும் ஓலத்தையும் கிதாரே எழுப்புகிறது. டிரம்ஸ் அதற்கு ஈடுகொடுக்கிறது. சிதம்பரம் வீதியுலாவில் நாகஸ்வரத்தின் மல்லாரிக்குத் தவில் தரும் பதிலைக் கேட்டவர்களுக்கு இந்த உரையாடல் அந்நியமாக இராது. மின்கிதாரில் இதற்கு இணையான வாசிப்பு மிக அரிது.

1970 செப்டம்பர் 18-இல் ஹென்ட்ரிக்ஸ் மறைந்தார், வயது 27. கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் தமிழ்க் கலைஞர் பிரசன்னா, 2006-இல் அவருக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பத்தை வெளியிட்டார்.