பெயரேட்டில் பெண்கள் – 7: ஒரு 'ள்' எங்கே போனது?

போன வாரம் பெபேயாளைக் கெங்கிரேயாத் துறைமுகத்தில் கப்பலேற்றிவிட்டோம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனவளே அவள்தான் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த நிருபத்தின் கடைசி அதிகாரத்தில்தான் இந்த வாரமும் நிற்கிறோம்.

ரோமர் 16 எங்கள் சபையில் யாரும் பிரசங்கத்துக்கு எடுக்காத அதிகாரம். முக்கால்வாசி பெயர்கள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்த தமிழ் டீச்சர் என்பதாலோ என்னவோ, பெண்கள் ஞாயிறன்று வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டபோது நான் அதையே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் நாக்கு தட்டியது.

பிரிஸ்கில்லாள். மரியாள். திரிபேனாள், திரிபோசாள். பெர்சியாள். யூலியாள். இவர்களுக்கு நடுவில், ஏழாம் வசனத்தில், வெறும் யூனியா.

நம் பழைய வேதாகமத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் பெயர் 'ஆ' என்று முடிந்தால் பின்னாலேயே ஒரு 'ள்' வந்து ஒட்டிக்கொள்ளும். ஏவாள், சாராள், அன்னாள், லீதியாள். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பாதிப் பேருக்கு அந்த 'ள்' இருந்தது. ஆணுக்கு அது கிடையாது. நாலு வசனம் முன்னால் நிற்கும் ஆக்கில்லாவைப் பாருங்கள், பிரிஸ்கில்லாளின் புருஷன். யூனியா அவன் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். வினைமுற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் கைகொடுக்கவில்லை. அதே வசனத்தில் வரும் அன்றோனீக்கையும் அவளையும் சேர்த்து 'அவர்கள்' என்று சொல்லியாயிற்று. பலர்பாலில் ஆணேது பெண்ணேது?

ஓய்வுக்குப் பிறகு கற்ற அரைகுறைக் கிரேக்கத்தோடு மூலத்தைப் புரட்டினேன். வேடிக்கை அங்கேதான் இருந்தது. அந்த வசனத்தில் பெயர் நிற்கும் வேற்றுமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்துகள் ஒன்றே. வித்தியாசம் அசைக்குறியில் மட்டும். 'இ'யின் தலையில் சின்னக் கோடு விழுந்தால் யூனியா என்ற பெண். கடைசி 'ஆ'வின் தலையில் வளைவு விழுந்தால் யூனியாஸ் என்ற ஆண். ஆதிப் பிரதிகளில் அந்தக் குறிகளே கிடையாது. ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளி வைக்காத ஏட்டில் எது மெய், எது உயிர்மெய், எது எகரம், எது ஏகாரம் என்று வாசிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கோடா வளைவா என்பதும் அப்படித்தான், வாசிக்கிறவர் கையில்.

கிரேக்கமே தாய்மொழியான யோவான் கிறிசோஸ்தம் நாலாம் நூற்றாண்டில் இதைப் பெண்ணாகத்தான் வாசித்தார். பெண்கள் போதிப்பதை ஆதரித்தவர் அல்ல அவர். அவரே, அந்த வசனத்தில் வரும் 'அப்போஸ்தலர்' என்ற சொல்லைப் பிடித்து, அப்போஸ்தலர் என்று சொல்லத் தகுந்தவளாக இந்தப் பெண் இருந்திருக்கிறாளே என்று வியக்கிறார். பிற்காலத்தில்தான் அவளுக்கு மீசை முளைத்தது. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அவளை ஆணாக்கியது. அறிஞர்கள் கையாளும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927-ல் ஆண் குறிக்கு மாறி, 1998-ல்தான் திரும்பி வந்தது. எழுபத்தோரு வருஷம்! இத்தனைக்கும் யூனியா என்ற பெண் பெயர் ரோமாபுரியின் கல்வெட்டுகளில் 250 தடவைக்கு மேல் கிடைக்கிறது. யூனியாஸ் என்ற ஆண், அந்தக் காலத்துக் கல்வெட்டு எதிலும் இல்லை. பெண் அப்போஸ்தலராக இருக்க முடியாது, ஆகவே இவர் ஆண். கணக்கு அவ்வளவுதான். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு நிரப்பும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

பெண்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் விடுகிறார்களா? அவள் அப்போஸ்தலரில் ஒருத்தி அல்ல, அப்போஸ்தலருக்குத் தெரிந்தவள், அவ்வளவுதான் என்று சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஒதுங்கிக்கொள்கின்றன. இங்கே நம் பழைய தமிழ் தாராளமாக இருக்கிறது. 'அப்போஸ்தலருக்குள்' என்றே போட்டிருக்கிறது. பெயரில் எடுத்த 'ள்'ளை இங்கே 'உள்'ளாகக் கொடுத்துவிட்டார்களோ என்று தனியே சிரித்துக்கொண்டேன்.

அவளைப் பற்றி நமக்கு இருப்பது அந்த ஒரே வசனம். ஆனால் எவ்வளவு அடர்த்தி! பவுலின் இனத்தாள், அதாவது யூதப் பெண். பவுலோடு காவலில் கிடந்தவள். பவுலுக்கு முன்பே கிறிஸ்துவுக்குள் வந்தவள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். சிலுவைக்குப் பிறகு சில வருஷங்களுக்குள்ளேயே பவுல் மனம் திரும்பிவிட்டார். அதற்கும் முந்தியவள் என்றால், சபை வீட்டுத் திண்ணை அளவு இருந்த காலத்திலேயே அவள் உள்ளே இருந்திருக்கிறாள். சபைகளைத் துன்பப்படுத்தித் திரிந்த சவுலுக்குப் பயந்து அவளும் ஒருநாள் கதவைச் சாத்தியிருப்பாளோ? பிறகு அதே ஆளோடு ஒரே சிறைவாசம். இதை யாராவது கதையாக எழுதலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை ஐயரிடம் போய், நாளைக்கு 'யூனியாள்' என்று வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "ஒரு 'ள்'ளுக்காகவா டீச்சர் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். ஐயரம்மா காப்பியோடு வந்தவர், "வாசிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசித்தேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாற்பது வருஷம் பைபிள் உமனாக ஊர் ஊராக நடந்து, இப்போது தொண்ணூறைத் தொடும் ஆச்சி ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏளா, அந்த யூனியாள் யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"பவுலோட ஜெயில்ல இருந்தவ, ஆச்சி."

"ஜெயில்லயா? என்ன செஞ்சாளாம்?"

"நீங்க செஞ்சதைத்தான்."

ஆச்சி யோசித்தாள். "என்னையும் ரெண்டு ஊர்ல கல்லெறிஞ்சு வெரட்டுனானுவ" என்றாள். பிறகு, செருப்பு எடுத்துத் தரச் சொன்னாள்.

(அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்கு வருகிறோம். 1780-ம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதற்பெயர், குளோரிந்தா.)