வடிகட்டியின் வயிற்றிலே

நம் சுனாபட்டிக்கு அடுத்த குர்லாவிலேதான் ஒரு காலத்தில் பிரீமியர் பத்மினி கார்கள் உருவாயின. காரின் உயிர் என்ஜின். அதன் காவலன் ஆயில் பில்டர். வெளிப்பூச்சைக் கண்டு அதன் தரத்தைச் சொல்ல முடியுமா? முடியாது!

ஒரே வகைக் காரில், ஒரே தூரம் ஓடிய இரண்டு பில்டர்களை எடுங்கள். எண்ணெயை வடித்துவிட்டு அறுத்துப் பாருங்கள். காகித மடிப்புகள் சீராக நிற்கின்றனவா? நன்று. கிழிந்தோ, ஓரத்தில் பசை விட்டோ இருந்தால், எண்ணெய் வடிபடாமலே ஓடியிருக்கிறது.

அடுத்து, எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வைத் தொடுங்கள். வளைந்தால் நலம். விறைத்திருந்தால், இரவில் எண்ணெய் இறங்கிவிடும்; காலையில் சில நொடிகள் என்ஜின் எண்ணெயின்றி உராயும்.

மலிவுப் பில்டரில் மிஞ்சுவது சில ரூபாய், தேய்வதோ என்ஜின்!